பழைய சரக்கு வண்டியில் 'ஸ்லோ' நிற்கவில்லையா?



விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைக் கெடாமல் விலைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி வேலை. செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கில் கோடையில் தர்பூசணியும், ஏரிப் பாசனப் பகுதிகளில் நெல்லும் காய்கறியும், கரையை ஒட்டிச் சவுக்கும் விளைகின்றன. இவற்றைச் சாலையோரக் கடைகளுக்கோ கோயம்பேட்டுக்கோ ஏற்றிச் செல்ல, இரண்டு மூன்று உழவர்கள் கூட்டாகச் சேர்ந்து பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. வாடகை மிச்சம், நினைத்த நேரத்தில் புறப்படலாம். ஆனால் பழைய வண்டியோடு பழைய கோளாறுகளும் சேர்ந்தே வரும். அவற்றுள் அடிக்கடி கேட்கும் முறையீடு, "வண்டியில் ஸ்லோ நிற்கவில்லை" என்பதாகும்.

உழவியல் கற்பிக்கும் ஒருவர் வண்டியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. நெற்பயிர் மஞ்சளானதும் நாம் உடனே யூரியா மூட்டையைத் தேடுகிறோம். தழைச்சத்துக் குறைவாக இருந்தால் அது சரி. துத்தநாகக் குறைவாகவோ, நீர் தேங்கி வேர் அழுகியதாகவோ இருந்தால் யூரியா வீண்செலவு, நோயும் கூடும். ஸ்லோ குறைந்த என்ஜினும் மஞ்சளான பயிரைப் போன்றதே. அது நோயன்று, நோயின் அடையாளம். திருகு ஒன்றைத் திருகிவிட்டால் ஸ்லோ ஏறும். நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

ஒரு வண்டியின் கதை

சென்ற கோடையில் திருக்கழுக்குன்றம் பக்கம் வயல்களைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கே ஓர் உழவர் தம் பங்காளிகள் இருவரோடு சேர்ந்து பழைய சிறு லாரி ஒன்றை வாங்கியிருந்தார். தர்பூசணி ஏற்றி மாமல்லபுரம் செல்லும்போது, பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தருகே வேகத்தைக் குறைத்ததும் என்ஜின் நின்றுவிட்டது. மீண்டும் கிளப்ப வெகுநேரம் ஆயிற்று. கடைக்காரர் அதற்குள் வேறு வண்டியில் பழம் இறக்கிக்கொண்டார். வெயிலில் நின்ற பழத்தை மறுநாள் கேட்ட விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

"ஐயா, வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். இரண்டு தடவை மெக்கானிக் வந்து ஸ்லோவை ஏற்றி வைத்தார். பத்து நாள் ஓடும், மறுபடியும் நிற்கும். இப்போது பம்பைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பவேண்டும் என்கிறார்கள். பழம் விற்ற பணமெல்லாம் பம்புக்கே போய்விடும் போலிருக்கிறது" என்று அவர் வருந்தினார்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தும் நண்பர் ஒருவரை மறுநாள் அழைத்துச் சென்றேன். அவர் ஸ்பானரை எடுக்கவே இல்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார். என்ன கேட்டார், என்ன கண்டார் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் ஸ்லோ என்பது என்ன என்று தெரிந்துகொள்வது நலம்.

ஸ்லோ என்றால் என்ன?

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகு, கியர் போடாத நிலையில் என்ஜின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் வேகமே ஸ்லோ. பெரும்பாலான டீசல் சரக்கு வண்டிகளில் இது நிமிடத்திற்கு 600 முதல் 900 சுற்று வரை இருக்கும். இரண்டு சிலிண்டர் உள்ள சிறு என்ஜின்களில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். உங்கள் வண்டிக்கு உரிய சரியான அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. காற்றை இறுக்கமாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஓட்டிக் காட்டிய என்ஜினின் தத்துவமும் இதுதான். எவ்வளவு டீசல் உள்ளே செல்கிறதோ அதற்கேற்ப வேகம் அமையும். அந்த அளவைக் கவனித்துக்கொள்வது பம்பில் உள்ள கவர்னர் என்னும் உறுப்பு. பழைய ஆயில் என்ஜின் வைத்து நீர் இறைத்தவர்களுக்குக் கவர்னர் புதிதன்று. சுழலும் இரண்டு குண்டுகள், அவற்றை எதிர்க்கும் ஒரு வில். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் பொருத்திய அதே ஏற்பாடுதான் உருமாறி டீசல் பம்புக்குள் வந்துள்ளது. வேகம் குறைந்தால் குண்டுகள் உள்ளே ஒடுங்கும், வில் தள்ளும், டீசல் கூடும். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், டீசல் குறையும்.

ஆகவே நல்ல நிலையில் உள்ள என்ஜின் தன் ஸ்லோவைத் தானே காத்துக்கொள்ளும். அப்படி இருந்தும் ஸ்லோ குறைகிறது என்றால் நான்கில் ஒன்று நடந்திருக்க வேண்டும்:

1. டீசல் போதிய அளவு, காற்றுக் கலவாமல் வந்து சேரவில்லை.
2. வந்த டீசல் ஏதோ ஒரு சிலிண்டரில் சரியாக எரியவில்லை.
3. என்ஜின் மீது வேண்டாத சுமை ஏதோ ஏறியுள்ளது.
4. மிதி, நிறுத்தும் கம்பி ஆகியவற்றின் இணைப்பு தன் இடத்திற்குத் திரும்பவில்லை.

இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் திருகைச் சந்தேகிக்க வேண்டும்.

இதை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது?

பல சிறு சரக்கு வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பம்பை என்ஜினே சுழற்றுகிறது. என்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். தேங்கியுள்ள வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் பிரேக் மிதி கட்டையாகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னும் பின்னும் வண்டிகள் விரையும்போது, முழுச் சுமையோடு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்லோ நிற்காத வண்டியில் சுமை ஏற்றிச் சாலைக்குச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

ஸ்லோ மிகக் குறைந்தால் எண்ணெய் அழுத்தமும் குறையும்; பாட்டரி சார்ஜ் ஏறாது; அதிர்வால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் சீக்கிரம் தேயும்.

வேலையைத் தொடங்குமுன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கேபினைத் தூக்கும் வண்டியானால் தாங்குகம்பியைப் பூட்டிய பிறகே குனிய வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி ஆகியவை விசிறிப் பட்டையில் சிக்கும். அவற்றை இறுகக் கட்டிக்கொள்க. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள நச்சுவாயு ஆளைக் கொல்லும். பீடி, சிகரெட் அருகில் ஆகாது.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

பயிரில் அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்றும், குருத்திலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு என்றும் ஐயப்படுகிறோம். எந்த இலை என்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. அதுபோல என்ஜினில், எப்போது ஸ்லோ குறைகிறது என்பதே பாதி விடை. கீழ்க்கண்டவற்றைக் கவனித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அ) காலையில் முதன்முறை கிளப்பும்போதா, சூடேறிய பிறகா? இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பப் பிடிவாதம் செய்தால், டீசல் வழியில் காற்று நுழைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆ) ஸ்லோ ஒரே சீராகக் குறைவாக உள்ளதா, ஏறி இறங்கி ஊசலாடுகிறதா? ஊசலாடினால் காற்றோ, நீரோ, கவர்னரோ காரணமாகலாம். ஒரே தாளத்தில் தட்டுத்தட்டாக ஓடினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கொள்க.

இ) புகையின் நிறம் என்ன? கறுப்பானால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. வெள்ளையானால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. அல்லது நீர் கலந்துள்ளது. நீலமானால் என்ஜின் எண்ணெய் எரிகிறது.

ஈ) விளக்குப் போட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பினால், கிளட்சை மிதித்தால் மாறுகிறதா?

உ) சுமையோடு இழுவையும் குறைந்துள்ளதா, ஸ்லோ மட்டுந்தானா?

படிப்படியான சோதனை

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கிச் செலவுள்ள சோதனைக்குச் செல்வதே முறை. கீழே கூறுபவை முழுவதும் இயந்திர முறையில் இயங்கும் பம்பு உள்ள பழைய வண்டிகளுக்கு உரியவை. 1951-இல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனத்தின் பெயரால் 'மைகோ பம்பு' என்று நம் பட்டறைகளில் வழங்குவது இவ்வகையே. கணினி கட்டுப்பாட்டு வண்டிகளைப் பற்றிப் பின்னால் தனியே கூறப்பட்டுள்ளது.

முதற்படி: கம்பிகள். ஒருவர் மிதியை அழுத்தி விட, மற்றொருவர் பம்பில் உள்ள நெம்பைப் பார்க்க வேண்டும். மிதியை விட்டதும் நெம்பு ஸ்லோ திருகின் முனையில் வந்து முட்ட வேண்டும். அடுத்து, என்ஜினை நிறுத்தும் குமிழ் உள்ள வண்டியில் அதன் கம்பியைப் பார்க்கவும். கடலோர வண்டிகளில் இக்கம்பி உறைக்குள் துருவேறி இறுகிவிடும். குமிழை உள்ளே தள்ளினாலும் நிறுத்தும் நெம்பு முழுதும் திரும்பாமல் பாதியில் நிற்கும். என்ஜின் ஓடும், ஆனால் எப்போதும் பாதி நிறுத்திய நிலையிலேயே ஓடும்! ஸ்லோவும் குறையும், இழுவையும் குறையும். கையால் நெம்பைத் திருப்பிவிட்டதும் ஸ்லோ ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. கம்பியை மாற்றினால் போதும்.

இரண்டாம் படி: காற்று வடிகட்டி. இது அடைத்திருந்தால் இழுவையில்தான் முதலில் தெரியும். கறுப்புப் புகை வரும். மிகவும் அடைத்தால் ஸ்லோவையும் கெடுக்கும். களத்திலிருந்து வைக்கோலும் நெல்லும் ஏற்றிய வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தாள் வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

மூன்றாம் படி: தொட்டி மூடி. டீசல் தொட்டிக்குள் காற்று செல்லச் சிறு துளை உண்டு. அது மண்ணால் அடைபட்டால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. சிறிது தூரம் ஓடி நிற்கும் வண்டியில் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, பிறகு என்ஜின் நன்றாக ஓடினால் துளையைச் சுத்தம் செய்க.

நான்காம் படி: நீரும் அழுக்கும். டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்திக் கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வைக்கவும். நீர் இருந்தால் அடியில் தனியே தங்கும். பாதி காலியான தொட்டிக்குள் இரவுக் குளிர்ச்சியில் ஈரக்காற்று நீர்த்துளியாக மாறும். கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் இத்தொல்லை இங்கே அதிகம். டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோல் வடிகட்டியை அடைப்பதும் உண்டு. நீர் கண்டால் தொட்டியின் அடிவடிகாலையும் திறந்து வடித்து, வடிகட்டியை மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: காற்று நுழைதல். வடிகட்டியின் மேலுள்ள காற்று நீக்கும் திருகைச் சிறிது தளர்த்தி, கைப் பம்பை அடிக்கவும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியின்றி டீசல் வரும்வரை அடித்து, பிறகு திருகை இறுக்கவும். இதனால் ஸ்லோ சரியாகி, மறுநாள் மீண்டும் கெட்டால், காற்று எங்கிருந்தோ புதிதாக நுழைகிறது என்று பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லையே" என்பார்கள். தொட்டியிலிருந்து ஃபீட் பம்பு வரை உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். ஓட்டையான உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பாருங்கள். இளநீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே வரும். அதுபோலவே இங்கும் டீசல் ஒழுகாமலே காற்று நுழையும். ஃபீட் பம்புக்குள் செல்லும் இடத்தில் டீசலைத் தாங்கக்கூடிய ஒரு சாண் நீளக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக இணைத்து என்ஜினை ஓட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். பிறகு தொட்டி வரை உள்ள ரப்பர் குழாய், கிளிப், செம்பு வாஷர் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷரைத் திரும்பப் போடுவது வீண் சிக்கனம்.

ஆறாம் படி: எந்தச் சிலிண்டர்? தட்டுத்தட்டாக ஓடும் என்ஜினில் இச்சோதனையைப் பழகிய மெக்கானிக்கைக் கொண்டே செய்ய வேண்டும். என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, ஒரு நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்றுத் தளர்த்துவார். என்ஜின் வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். வேகம் மாறாவிட்டால் அதுதான் சோம்பேறி. அந்த நாசிலை மற்றொரு சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கோளாறு நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசிலைப் பழுது பார்த்தால் போதும். பழைய சிலிண்டரிலேயே தங்கினால் டேப்பட் இடைவெளி, வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை: நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். கண்ணாடி அணியாமல் அருகில் நிற்கக் கூடாது. விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

ஏழாம் படி: வேண்டாத சுமை. என்ஜினை நிறுத்திவிட்டு விசிறிப் பட்டையைக் கழற்றி, ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாகவோ கரகரப்பாகவோ இருந்தால் பேரிங் போயிருக்கிறது. கிளட்சை மிதிக்கும்போது ஸ்லோ நன்றாகக் குறைந்தால், கிராங்க் தண்டின் பக்க உந்தலைத் தாங்கும் வாஷர் தேய்ந்திருக்கலாம். அதை ஒத்திப்போடக் கூடாது.

எட்டாம் படி: என்ஜினின் உடல்நிலை. ஸ்லோவில் ஓடும்போது என்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். சிறிது ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அந்த என்ஜினுக்குத் திருகும் நாசிலும் மருந்தாகா. அளவுமானி வைத்து அழுத்தம் பார்த்து, முழுப் பழுது பார்க்கலாமா, விற்றுவிடலாமா என்று கணக்குப் போட வேண்டும்.

கடைசியில் திருகு

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்லோ திருகைத் தொடலாம். என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், சுற்றுமானியைப் பார்த்தவாறே கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து, லாக் நட்டை இறுக்கவும். பம்பில் சீல் வைத்த திருகு வேறொன்று இருக்கும். அது உச்ச வேகத்திற்கோ உச்ச டீசல் அளவிற்கோ உரியது. அதை ஒருநாளும் தொடக் கூடாது.

ஸ்லோவை அளவுக்கு மேல் ஏற்றி வைப்பதும் தவறே. கியர் விழும்போது கரகரக்கும், கிளட்ச் தேயும், நிற்கும் நேரமெல்லாம் டீசல் வீணாகும்.

கணினி உள்ள வண்டிகள்

நாடு முழுவதும் பி.எஸ்.-4 விதி 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. அதற்கேற்ப வந்த காமன்ரெயில் வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கும் வந்துவிட்டன. இவற்றில் ஸ்லோவைக் கணினியே நிர்ணயிக்கிறது. திருகுவதற்குத் திருகு இல்லை.

லாரி டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறக்குறைய 7 அல்லது 8 பார். காமன்ரெயில் குழாயில் டீசல் அழுத்தம் ஓட்டத்தில் 1,000 பாரையும் தாண்டும். ஆகவே ஆறாம் படியில் கூறிய குழாய் தளர்த்தும் சோதனையை இவ்வண்டிகளில் ஒருபோதும் செய்யக் கூடாது. என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள பட்டறைக்குச் செல்லவும். குறியீட்டைப் படிக்காமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னால் இணங்க வேண்டாம்.

நீங்களே பார்க்கக் கூடியவையும் உண்டு. டீசல் வடிகட்டி, அதில் தங்கும் நீர், காற்று வடிகட்டி, பாட்டரி முனைகள், பாட்டரியிலிருந்து சட்டத்திற்குச் செல்லும் எர்த் கம்பி ஆகியவை அவை. எர்த் கம்பி உப்புப் பூத்திருந்தால் கணினிக்குச் செல்லும் செய்திகள் தாறுமாறாகும். கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். கறுப்புப் புகையோடு ஸ்லோ குறைந்தால், புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றிருக்கலாம். இன்ஜெக்டர்கள் தேய்ந்தனவா என்று அறிய, ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் புட்டிகளில் பிடித்து ஒப்பிடும் சோதனை பட்டறைகளில் உண்டு. மிகுதியாக டீசல் திரும்பும் இன்ஜெக்டரே பழுதானது. ஒன்றுக்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

அந்தச் சிறு லாரிக்கு என்ன நேர்ந்தது?

நண்பர் கேட்டவை மூன்று கேள்விகள். "காலையில் கிளம்பத் தொல்லை தருகிறதா?" "ஆமாம்." "ஸ்லோ ஊசலாடி நிற்கிறதா?" "ஆமாம்." "கைப் பம்பு அடித்தால் சரியாகிறதா?" "அன்றைக்கு மட்டும் சரியாகும் ஐயா."

அவர் பிளாஸ்டிக் குழாயை இணைத்தார். குமிழிகள் வரிசையாக ஓடின. தொட்டியருகே ரப்பர் குழாயில், துருப்பிடித்த கிளிப்புக்கு அடியில், நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தது. கிளிப்பைக் கழற்றிக் குழாயை வளைத்தபோதுதான் அது தெரிந்தது. இரண்டு முழக் குழாயும், இரண்டு கிளிப்பும், சில செம்பு வாஷர்களும் வாங்கி மாற்றினோம். காற்றை நீக்கிவிட்டு என்ஜினைக் கிளப்பியதும் அது ஓலமிட்டு ஓடியது. இரண்டு முறை ஏற்றி வைத்த ஸ்லோ திருகு இப்போது தன் உண்மையைக் காட்டிற்று! அதைப் பின்னுக்குத் திருப்பி உரிய அளவில் நிறுத்தினார். பம்பு கழற்றப்படவே இல்லை. நான் விசாரித்தவரை அந்த வண்டி அதன்பிறகு சாலையில் நின்றதில்லை.

கடலோர வண்டிக்குக் காப்பு

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்திருப்பதை நாம் பார்க்கிறோம். காற்றைத் தடுக்க அங்கே சவுக்கு நட்டிருக்கிறார்கள். கல்லுக்கே இப்படியென்றால் இரும்புக் கிளிப்பு எம்மாத்திரம்? ஆகவே கடலோர உழவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளலாம்:

1. வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவவும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். உப்பை உப்பால் கழுவியதாகும்.

2. மாலையில் வண்டியை நிறுத்தும்போது தொட்டியை நிரப்பி வைக்கவும். காலி இடம் குறைந்தால் நீர் சேர்வதும் குறையும்.

3. வடிகட்டியில் தங்கும் நீரை வாரம் ஒருமுறை வடிக்கவும். மழைக்காலத்தில் இதைத் தவறவிட வேண்டாம்.

4. கம்பிகளின் முனைகளுக்கு எண்ணெயும், மின் இணைப்புகளுக்கு வாசலினும் இடவும்.

5. ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் அறுவடைப் பருவம் தொடங்குமுன் ஒருமுறை சோதித்து மாற்றவும். பழம் பழுத்த பிறகு வண்டியைப் பழுது பார்க்கக் கூடாது.

பழைய வண்டி வாங்கும்போது

"நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சென்றதும் என்ஜின் மீது ஜாக்கிரதையாகக் கை வைத்துப் பாருங்கள். முன்பே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று ஐயப்படலாம். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது, எந்த நிறப் புகை விடுகிறது, சூடேறியபின் ஸ்லோ எப்படி நிற்கிறது என்பவற்றைக் கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். ஸ்லோ திருகின் லாக் நட்டில் புதிய ஸ்பானர் தடம் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். விற்பதற்காகவே ஏற்றி வைத்த ஸ்லோ ஒரு மாதம்கூட நிற்காது.

முடிவாக

ஸ்லோ குறைவதற்குக் காரணம் ஒரு முழக் குழாயாகவும் இருக்கலாம், முழு என்ஜினாகவும் இருக்கலாம். எது என்று அறியாமல் செலவழிப்பது, மண் ஆய்வு செய்யாமல் உரமிடுவதற்கு ஒப்பாகும். மெக்கானிக்கிடம் செல்லும்போது "ஸ்லோவை ஏற்றுங்கள்" என்று சொல்லாமல், "காலையில் கிளம்பத் தொல்லை, ஊசலாடுகிறது, வெள்ளைப் புகை" என்று நீங்கள் கண்டவற்றைச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அதுவே பாதி வேலையைக் குறைத்துவிடும். முதலில் பார்த்து, பிறகு காரணம் தேடி, கடைசியில் திருகைத் தொடுங்கள். உங்கள் வண்டியும் நிற்காது. விளைபொருளும் உரிய நேரத்தில் உரிய விலைக்குச் சென்று சேரும்.